தடங்கல் எங்கே இருக்கிறது?

கதையும் கவிதையும் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் கணினி விளையாட்டைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தபோது எங்கள் மூவரில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "அடுத்தது என்ன, கிரிக்கெட் மட்டைக்கு எண்ணெய் பூசுவது பற்றியா?" என்று கேட்டார். இக்கட்டுரையின் பாதியை அவர்தான் எழுதியிருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். மனிதர்கள் எதற்காகத் தூக்கம் இழக்கிறார்களோ, எதற்காக வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகிறதோ, எதற்காக நகை அடகுக்கடைப் படியேறுகிறதோ, அதையெல்லாம் விலக்கிவைத்துவிட்டு இலக்கியம் மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம்.

நகை என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் எங்களுக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பம் இருக்கிறது. தந்தை மெப்ஸ் வளாகத்துக்குள் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். 1984-இல் அந்த ஏற்றுமதி வளாகம் தொடங்கிய பிறகு வேலை தேடி வந்து தாம்பரத்தைச் சுற்றிக் குடியமர்ந்த குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. மகள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. நான்கு நண்பர்களோடு சேர்ந்து வாலரண்ட் என்னும் ஆட்டத்தை ஆடுகிறான். ஐவர் கொண்ட அணி, எதிரிலும் ஐவர், சந்துகளுக்குள் ஒளிந்தும் பாய்ந்தும் சுடுகிற ஆட்டம். கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்கு அவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆனால் சரியாகச் சுட வேண்டிய நொடியில் இவனுடைய கணினி திக்கி நின்றுவிடும். மறுபடி படம் ஓடத் தொடங்கும்போது இவன் தரையில் கிடப்பான். அணியில் அவன் இடம் ஆட்டம் கண்டது.

நகரத்துக் கடையொன்றில் விசாரித்தபோது புதிய வரைகலை அட்டை, அதைத் தாங்கும் மின்வழங்கி, கூடவே புதிய பெட்டி என்று எழுபதாயிரம் ரூபாய்க்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பையன் அந்தச் சீட்டை வீட்டில் மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தாய் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்க முன்வந்தார். அப்போதுதான் தந்தை எங்களிடம் வந்தார். "சார், நீங்க படிச்சவங்க. ஆன்லைன் கேமுக்கு எழுபதாயிரம் கேக்கறான். இது அந்த ரம்மி மாதிரி சமாச்சாரம் இல்லையே?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் 'ஆன்லைன் கேம்' என்ற சொல்லே பணத்தை வைத்து ஆடும் சீட்டாட்டத்தின் நிழலில் கிடக்கிறது. கடனாளியாகிச் செத்துப்போனவர்களின் செய்திகளைப் படித்துப் படித்து நமக்கு அந்தச் சொல் நஞ்சாகிவிட்டது. தமிழக அரசு 2022-இல் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்ததும், ஆளுநர் திருப்பி அனுப்பிய அந்த மசோதா மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றதும், அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடையை மட்டும் நீக்கியதும் வாசகர்கள் அறிந்த வரலாறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் கோட்டை இன்னும் தெளிவாகப் போட்டது. பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டங்கள் ஒருபுறம், அவற்றுக்குத் தடை. திறமையை அளந்து போட்டியாக ஆடப்படும் மின்விளையாட்டுகள் மறுபுறம், அவற்றுக்கு அங்கீகாரம். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கங்களே வழங்கப்பட்டன. பையன் ஆடுவது இரண்டாவது வகை. கபடிக் குழுவில் இடம் போய்விடுமோ என்று ஒருவன் தவித்தால் நாம் சிரிக்கமாட்டோம் அல்லவா? இதற்கும் சிரிக்க வேண்டியதில்லை. தந்தையிடம் இதைத்தான் சொன்னோம்.

ஆனால் 'ஆட்டம் தவறில்லை' என்பதிலிருந்து 'எழுபதாயிரம் சரி' என்பதற்குப் பாலம் கிடையாது. இந்த இடைவெளியைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

*

பையன்கள் எல்லாவற்றையும் 'லேக்' என்ற ஒரே சொல்லால் சொல்கிறார்கள். முன்பு கிராமத்தில் எந்த நோயையும் 'காய்ச்சல்' என்றார்களே, அதைப் போல. உண்மையில் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

முதலாவது, கணினி ஒரு நொடிக்கு எத்தனை படங்களை வரைந்து தருகிறது என்பது. அறுபது படம் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. நூற்று நாற்பத்து நான்கு என்றால் ஏறத்தாழ 7 மில்லிநொடி. இந்த எண் தொடர்ந்து குறைவாகவே இருந்தால் ஆட்டம் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும்.

இரண்டாவது, படங்கள் சீரான இடைவெளியில் வருகின்றனவா என்பது. நொடிக்கு நூற்றைம்பது படம் என்று சராசரி சொல்லிக்கொண்டே நடுவில் ஒரே ஒரு படம் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் சராசரி பெரிதாக அசையாது, ஆனால் கண் கண்டுபிடித்துவிடும். இதுதான் திக்குதல். தாளம் தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், இங்கே கெடுவது வேகமல்ல, காலப்பிரமாணம்.

மூன்றாவது, வலையில் ஏற்படும் தாமதம். நாம் சுட்டியை அழுத்தியது ஆட்டத்தை நடத்தும் தொலைதூரக் கணினிக்குப் போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர எடுக்கும் நேரம் அது. வழியில் சில பொட்டலங்கள் தொலைந்துபோவதும் இதில் சேரும். எதிரி ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்து அடுத்த கணம் இரண்டு கஜம் தள்ளித் தோன்றினால், குற்றம் பெரும்பாலும் இங்கேதான்.

வரைகலை அட்டை என்பது முதல் நோய்க்கு மருந்து, அதுவும் சில வேளைகளில். இரண்டாவதற்கு அரைகுறை. மூன்றாவதற்கு அது எந்தப் பயனும் தராது. எழுபதாயிரம் ரூபாய்ச் சீட்டு எழுதியவர் பையனிடம் எந்த நோய் என்று கேட்கவே இல்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதுகிற வைத்தியரை நாம் என்னவென்று சொல்வோம்?

ஆனால் எங்களையும் விட்டுவைக்கக் கூடாது. அந்த வீட்டுக்குப் போகும் வழியிலேயே நாங்களும் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தோம். 'நெட்தான் சரியில்லை, பையன் வீணாகப் பெட்டியைக் குறை சொல்கிறான்' என்பது எங்கள் தீர்ப்பு. மிச்சத்தைப் பையனின் ஆசை என்று ஒதுக்கிவிட்டிருந்தோம். இரண்டுமே பாதிப் பிழை என்பதை அந்த மாலை காட்டியது.

அவனுடைய கணினி 2020-இல் ரிச்சி தெருவில் உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்த்தது. ரைசன் 5 3600 செயலி, ஜிடிஎக்ஸ் 1650 சூப்பர் அட்டை, 8 ஜிபி நினைவகம் ஒரே துண்டாக. எங்களில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். ஒரு மூலையைத் திரும்பும் கணத்தில் கைக்கு அடியில் எதுவோ வழுக்கியதுபோல் இருந்தது. "இதைத்தான் அங்கிள் சொல்றேன்" என்றான் பையன். இரண்டு நாளுக்குப் பிறகு அவன் வீட்டில் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று பிறகு அவன் தாய் சொன்னார். நாங்கள் வெட்கப்பட்டோம். அவன் சொன்ன துன்பம் உண்மையானது, கையால் தொட்டு உணரக்கூடியது.

பிறகு எண்களைப் பார்த்தோம். படங்களின் எண்ணிக்கை, வலைத் தாமதம், தொலைந்த பொட்டலங்கள் ஆகியவற்றை ஆட்டமே திரையோரத்தில் காட்டும். வெப்பநிலையையும் ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் காட்ட இலவச மென்பொருள்கள் உண்டு. அரை மணி நேரத்தில் மூன்று விஷயங்கள் புலப்பட்டன.

வரைகலை அட்டை தன் ஆற்றலில் பாதியைத்தான் செலவழித்துக்கொண்டிருந்தது. மீதி நேரம் சும்மா இருந்தது. இது முக்கியமான சாட்சி. வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கொத்தனாருக்குப் பதிலாக இரண்டு மடங்கு கூலிக்கு இன்னொரு கொத்தனாரை அழைத்து வந்தால் வீடு சீக்கிரம் எழும்பாது. செங்கல் எடுத்துக் கொடுக்கிறவர்தான் போதவில்லை. வாலரண்ட் போன்ற ஆட்டங்கள் பெரும்பாலும் செயலியையும் நினைவகத்தையும் நம்பி ஓடுகிறவை. இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஆட்டத்தின் படத்தெளிவைக் குறைத்துப் பாருங்கள். படங்களின் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் அட்டைதான் தடை. அசையாமல் நின்றால் தடை வேறெங்கோ இருக்கிறது. பையனின் கணினியில் அது அசையவில்லை.

இரண்டாவது, செயலியின் வெப்பம் 90 பாகையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் செயலிக்கு 95 பாகை எல்லை. எல்லையை நெருங்கும்போது அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பெட்டியைத் திறந்தபோது குளிர்விக்கும் விசிறியின் அடியில் சாம்பல்நிறக் கம்பளிபோல் தூசி படிந்திருந்தது. ஆறு வருடத் தூசி. புறநகரில் வசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோண்டி மூடாத தெருக்களும் ஓயாத கட்டட வேலைகளும் சன்னல் வழியாக நம் வீட்டுக்குள் வந்து குடியிருக்கின்றன. செயலிக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே பூசப்பட்ட வெப்பக்களிம்பு காய்ந்து பொருக்காகியிருந்தது.

மூன்றாவது, நினைவகம். ஒரே துண்டாக இருந்ததால் இரட்டை வழியில் செல்ல வேண்டிய தரவு ஒற்றை வழியில் முட்டிக்கொண்டிருந்தது. 3200 என்று அட்டையில் அச்சடித்திருந்த அதன் வேகம் உண்மையில் 2400-இல்தான் ஓடியது. தாய்ப்பலகையின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தேர்வை மாற்றியிருந்தால் போதும். சேர்த்துக் கொடுத்தவரும் மாற்றவில்லை, ஆறு வருடங்களாக வேறு யாரும் பார்க்கவுமில்லை. இதைவிட ஒரு வேடிக்கை, பையன் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கியிருந்தான். விண்டோஸ் அமைப்பில் அது 60-லேயே நின்றிருந்தது. ஓராண்டாக அவன் விலை கொடுத்த வேகத்தில் பாதிகூட அவன் கண்ணுக்கு வந்து சேரவில்லை. மாற்றியதும் அவன் சுட்டியை இடமும் வலமும் அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் பேசவில்லை.

*

அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனோம். பழைய பொருள்களுக்குப் பேர்போன அச்சந்தையில் செடிகள், கதவுகள், தையல் இயந்திரங்களுக்கு நடுவே கணினி உறுப்புகளும் குவிந்து கிடக்கும். நினைவகத் துண்டுகள் கிடைத்தன. ஆனால் அங்கேயே பொருத்திச் சோதித்துப் பார்க்க வழியில்லை. வாங்காமல் திரும்பினோம்.

திரும்பும்போது எங்களில் ஒருவர் நினைவூட்டினார். 1863 மே 30 அன்று இதே பல்லாவரத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் சரளைக் குழியொன்றிலிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்து தொடங்கியது. அந்தக் கோடரியைச் செய்தவன் அதில் எதையும் சேர்க்கவில்லை. கல்லில் வேண்டாததைத் தட்டித் தட்டி நீக்கித்தான் கூர்மையைக் கண்டான். கருவியை மேம்படுத்துவது என்றால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்று நமக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது மனிதகுலத்தின் பழைய வழக்கம் அல்ல.

பிறகு மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனோம். நரசிங்கபுரம் தெருவும் அதன் சந்துகளும் சேர்ந்த அந்தப் பகுதியில் பளபளப்பான கடைகளுக்கு மேலே, குறுகிய படிக்கட்டேறிப் போனால் பழுது பார்ப்பவர்களின் உலகம் ஒன்று இருக்கிறது. நினைவகச் சில்லுகளின் விலை 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகின் சில்லுகளை வாரி விழுங்கியதன் விளைவு அது. எங்கோ ஒரு பெருநிறுவனம் கட்டும் கட்டடம் சேலையூர்ப் பையனின் ஆட்டத்தில் வந்து கைவைக்கிறது. புதியதின் விலையைக் கேட்டுவிட்டு, அதே வேகத்தில் பயன்படுத்திய துண்டு ஒன்றை அங்கேயே பொருத்திச் சோதித்து வாங்கினோம். களிம்பு, தூசி ஊதும் கருவி, பதினைந்து மீட்டர் வலைக்கம்பி எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாயைத் தொடவில்லை.

வலைக்கம்பி எதற்கு என்றால், மூன்றாவது நோய்க்கு. எங்கள் தீர்ப்பில் பாதி சரியாக இருந்தது என்றோமே, அது இதுதான். மாலை ஏழு மணிக்கு மேல் பையனின் வலைத் தாமதம் முப்பதிலிருந்து இருநூறு மில்லிநொடிக்குத் தாவும். அதே நேரத்தில் அடுத்த அறையில் அக்காவின் அலுவலகக் காணொளிக் கூட்டம் நடக்கும். வீட்டுக்கு வரும் இணைப்பு நொடிக்கு நூறு மெகாபிட். 2004-இல் அரசு வெளியிட்ட அகலப்பட்டைக் கொள்கை 256 கிலோபிட்டையே அகலப்பட்டை என்று வரையறுத்தது. அதைப் போல நானூறு மடங்கு இன்று ஒரு வீட்டுக்கு வருகிறது. பிறகேன் திக்குகிறது?

தீபாவளிக்கு முந்தைய இரவு பெருங்களத்தூரில் நின்றவர்களுக்கு இது எளிதில் புரியும். ஜிஎஸ்டி சாலை அகலமானதுதான். ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால், நடுவில் மாட்டிக்கொண்ட சைக்கிள்காரரும் லாரிகளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். விளையாட்டின் தரவு சைக்கிள் அளவுதான். காணொளியும் கைபேசிகள் மேலேற்றும் புகைப்படங்களும் லாரிகள். சாலையை இன்னும் அகலமாக்குவதைவிட சைக்கிளுக்கு ஒரு தனி ஓரம் விடுவது பயன் தரும். வலைத்திசைவியில் எந்தக் கருவிக்கு முன்னுரிமை, மேலேற்றம் எந்த அளவோடு நிற்க வேண்டும் என்று வரையறுக்கும் வசதி பலவற்றில் உண்டு. அதை அமைத்தோம். இரண்டு சுவர்களைத் தாண்டி வந்த கம்பியில்லா இணைப்பை விட்டுவிட்டுக் கம்பியை இழுத்தோம். அடுக்குமாடியில் பத்து வீட்டுத் திசைவிகள் ஒரே அலைவரிசையில் கூச்சலிடும்போது கம்பி ஒன்றுதான் நிம்மதி. அக்காவின் கூட்டமும் நடந்தது, தம்பியின் ஆட்டமும் நடந்தது. "இனிமே அவன் என்னைத் திட்டமாட்டான்" என்றாள் அக்கா. இத்தனை மாதங்களாக இருவரும் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பது இருவருக்குமே அன்றுதான் தெரிந்தது.

*

இவ்வளவு செய்த பிறகும் சரிசெய்ய முடியாத ஒன்று எஞ்சியது. அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்கிறது. மும்பை இங்கிருந்து நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய்வர பத்து மில்லிநொடி இயற்கைக்கு நாம் செலுத்தும் வரி. சிங்கப்பூருக்கு 2002-இல் சென்னையிலிருந்து போடப்பட்ட கடலடிக் கம்பியின் நீளம் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்கே போய்வர முப்பதுக்குக் குறைய வழியே இல்லை. எந்த அட்டையும் எந்தச் செயலியும் இதைக் குறைக்க முடியாது. இதோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை.

ஆனால் வரியை மீறிய தாமதம் இயற்கையுடையதல்ல, நம்முடையது. உலகத்தைச் சுற்றி வந்த கண்ணாடி இழை எங்கள் தெருவுக்குள் நுழையும்போது மின்கம்பத்திலும் வேப்பமரத்திலும் மாடிக் கைப்பிடியிலும் கட்டித் தொங்குகிறது. ஒரு லாரி உயரமாகச் சரக்கேற்றி வந்தால் தெருவே வலையிழக்கும். ஒரு துறை சாலையைப் போட்டு முடித்த மறுவாரம் இன்னொரு துறை அதைத் தோண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை வலுத்தால் முதலில் போவது மின்சாரம், அடுத்தது இணையம். தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, கம்பிகள் இன்னும் மரத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பையனின் தொலைந்த பொட்டலங்களில் ஒரு பங்கு எங்கள் தெருவின் பொறுப்பு. அதை எந்தக் கடையிலும் எழுபதாயிரத்துக்கு விற்கமாட்டார்கள்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் குறை மட்டும்தானா? 2020 ஆகஸ்ட் 30 அன்று இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாடின் இறுதிப் போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. உலகளாவிய இணையக் கோளாறு ஒன்றால் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பறுந்து, நேரம் தீர்ந்து தோற்றதாகக் கணக்கிடப்பட்டது. இந்தியா முறையிட்டது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இரு நாடுகளையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தது. சதுரங்கத்துக்கு வரைகலை அட்டை வேண்டாம், பழைய மடிக்கணினியே போதும். அப்படிப்பட்ட ஆட்டத்திலும் கம்பி அறுந்தால் அறிவு தோற்றுவிடுகிறது. அங்கே முறையீட்டைக் கேட்க ஒரு கூட்டமைப்பு இருந்தது. எங்கள் தெருப் பையனின் முறையீட்டை யார் கேட்பார்? அவன் அணித்தலைவன் 'உன் நெட் சரியில்லை' என்று சொல்லி வேறொருவனைச் சேர்த்துக்கொள்வான். அவ்வளவுதான்.

எதையும் வாங்காதீர்கள் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிக்கனத்தையே ஒரு மதமாக்கிப் பிள்ளைகளின் வாயை அடைப்பது நம் நடுத்தர வர்க்கத்தின் பழைய பழக்கம். வரைகலை அட்டை எந்நேரமும் முழு மூச்சில் உழைத்துக்கொண்டிருந்து, படத்தெளிவைக் குறைத்தால் ஆட்டம் சீராகிறது என்றால், அட்டையை மாற்றத்தான் வேண்டும். ஆட்டம் இன்னும் பழைய சுழல்வட்டில் இருந்தால் திடநிலை வட்டுக்கு மாற்றுவது முதல் செலவாக இருக்கலாம். செயலிதான் போதவில்லை என்றால், தாய்ப்பலகை அடுத்த தலைமுறைச் செயலியை ஏற்குமா என்று பாருங்கள். பையனின் பலகையைப் போன்ற ஏஎம்4 பலகைகள் 2016-இல் வந்தவை, பின்னால் வந்த 5600, 5800எக்ஸ்3டி போன்ற செயலிகளையும் அவற்றில் பல ஏற்றுக்கொள்கின்றன. முழுப் பெட்டியைத் தூக்கிப்போட வேண்டிய கட்டாயம் அரிது. ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, மின்வழங்கி. கோடை மாலைகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் மலிவான மின்வழங்கி மற்ற எல்லாவற்றையும் சேர்த்து எரித்துவிடும்.

எங்கள் கட்சி இதுதான்: அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள். அளப்பதற்கு ஒரு மாலையும் இலவச மென்பொருளும் ஒரு திருப்புளியும் போதும். அதைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்யுங்கள். அந்தத் தந்தை மெப்ஸில் முப்பது வருடம் இயந்திரங்களோடு பழகியவர். பெட்டியைத் திறந்து தூசியைக் கண்டதும் "இவ்வளவு சூடு ஏறினா எந்த மெஷின்பா ஓடும்?" என்று அவராகவே தரையில் உட்கார்ந்து விசிறியைக் கழற்றினார். களிம்பை எவ்வளவு பூச வேண்டும் என்று பையன் சொல்ல, அவர் பூசினார். அதுவரை இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருப்பது இருவருக்கும் தெரியாமல் இருந்தது. எழுபதாயிரம் ரூபாய்க்குப் புதுப் பெட்டி வந்திருந்தால் அந்தப் பெட்டியைத் தந்தை ஒருநாளும் தொட்டிருக்கமாட்டார். ஒவ்வொரு மாதமும் வட்டி கட்டும்போது மட்டும் அதைப் பார்த்திருப்பார்.

போட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பையனின் அணி இரண்டாம் சுற்றில் தோற்றது. நாங்கள் ஆறுதல் சொல்லப் போனோம். அவன் வருத்தமாகத்தான் இருந்தான், ஆனால் புகார் எதுவும் சொல்லவில்லை.

"இந்தத் தடவை நல்லா ஓடுச்சு அங்கிள். நான்தான் சரியா ஆடலை" என்றான்.

தன் தோல்வி தன்னுடையதுதான் என்று ஒருவன் நிச்சயமாகச் சொல்ல முடிவது சிறிய விஷயமல்ல. கருவியின் கோளாறோ, தெருக்கம்பியின் கோளாறோ, வீட்டின் வறுமையோ நடுவில் வந்து நிற்காமல் தோற்கவும் ஜெயிக்கவும் கிடைக்கிற வாய்ப்புதான் விளையாட்டு. தாயின் சங்கிலி கழுத்தில் இருந்தது. மறுநாள் மாலை மறுபடி பயிற்சிக்கு உட்கார்ந்தான்.